அக்கா சொன்ன 'மூடு'

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் பேக்கிங் ஹாலில் ஒன்று. லினக்ஸ் போட்டு இரண்டையும் இணைத்துவிடலாம் என்று முதலாளியிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முன் அறைக் கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டது. ஹாலில் இருந்தது மட்டும், நெட்வொர்க் கார்டே இல்லை என்று சாதித்தது. கார்டோ என் கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் இருக்கிறது!

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. "நாலு மணி வரைக்கும் பாருங்க தம்பி. இல்லேன்னா மதுரை கம்ப்யூட்டர்காரங்கள வரச்சொல்லிருதேன். பொறவு இந்த வேலைய அவிய பாத்துக்கிடுவாங்க" என்றார். அப்படியென்றால் எனக்கு வேலை இல்லை. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் தங்கை கல்யாணப் பேச்சே தொடங்கியிருந்தது.

அதே கார்டை வைத்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பனுக்குப் போன் செய்தேன். கார்டில் ஒரு சின்னக் கறுப்புத் தொப்பி இருக்கும், அதை எந்த எண்ணில் செருகியிருக்கிறோமோ அதே எண்ணைக் கார்டை இயக்கும் புரோகிராமான டிரைவருக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் கேட்காது என்றான். "என் கார்டைத் தொறந்து பாத்துட்டு நம்பர் சொல்லுதேன், செத்த இருலே." நானும் குத்துமதிப்பாக ஓர் எண்ணில் மாற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. பயந்துபோய்த் தொப்பியைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு, பெட்டியைத் திறந்து போட்டபடி அவன் போனுக்காகக் காத்திருந்தேன்.

போன் முன் அறையில். அதை எடுத்தது பேக்கிங்கைக் கவனித்துக்கொள்ளும் அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் பேசும் தமிழில் ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்து ஷெட்டில் தறிச் சத்தம் காதைப் பிளந்தது. அக்கா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, மூடு! மூடு!"

சரி, இருக்கிறபடியே சரியாகத்தான் இருக்கிறது, மூடச் சொல்கிறான் என்று நினைத்து, பெட்டியை மூடி ஸ்க்ரூவெல்லாம் முடுக்கி, மறுபடி டிரைவரை ஏற்றினேன். அதே பல்லவி. உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தேன். அக்கா, போனில் காத்திருந்த நண்பனிடம் ஏதோ சொல்லிவிட்டு முகம் வாடி வந்தார்.

"அப்படிப் போட்டும் வரலைன்னா கார்டு போச்சுன்னு சொல்லுதாரு தம்பி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என்னை ஒன்றும் கேட்காமல் நேராக முதலாளியிடம் போய், "பையன் காலையிலருந்து சாப்பிடக்கூட இல்ல. டீ குடிச்சிட்டு ஒருவாட்டி பாக்கட்டும், அப்புறம் போன் போடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். அந்த வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

டீ வந்தது. அக்கா டம்ளர்களை எடுத்து எடுத்து வைத்தார். "ஒகடி, ரெண்டு, மூடு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, போன்ல நம்பர் என்ன சொன்னான்?"

"மூணுன்னாரு. அதத்தானே அம்புட்டுச் சத்தமாச் சொன்னேன்!"

துணி உருளைகளைக் காலை முதல் மாலை வரை எண்ணுகிற வாய். எண் என்று வந்தால் அதற்கு வீட்டுத் தெலுங்குதான் முந்திக்கொள்ளும்; அதில் மூன்று என்றால் 'மூடு'. நான் விழுந்தடித்து ஓடி, பெட்டியைத் திறந்து, தொப்பியை மூன்றில் செருகி, டிரைவருக்கும் மூன்று என்றேன். முன் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து பதில் வரிகள் மளமளவென்று திரையில் இறங்கின. விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பின்னால் வந்து நின்ற முதலாளி, "அப்ப மதுரைக்குப் போன் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே பல வருடம் வேலை பார்த்தேன். அதன்பின் எனக்கு எந்த எண்ணைச் சொன்னாலும், மூன்று என்றால் மூன்று விரல் என்று, அக்கா விரலையும் சேர்த்துக் காட்டுவார். இன்றும் ஒரு பொருளையோ ஓர் ஆளையோ 'இனி உதவாது' என்று யாராவது முடிவு கட்டும்போது, அக்காவின் அந்த மூன்று விரல்கள் கண்முன் வந்து நிற்கின்றன; நான் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன்.