பதினோரு ரோல் ஃப்ளீஸும் ஒரு டிரம்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியறையில் பதினோரு ரோல் துணி நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு டிரம்ஸ் செட். அதற்குப் பின்னால் என் மருமகள் சாருமதி. லேப்டாப் முன்னால்... நான்!

குக்கர் எத்தனை விசில் என்பதைத் தவிர சத்தத்தைப் பற்றி வேறெதுவும் தெரியாத எனக்கு, அன்றைக்கு ரெக்கார்டிங் இன்ஜினீயர் உத்தியோகம். மகன் கன்டெய்னர் ஏற்றிவிடத் தூத்துக்குடி போயிருந்தான். வேறு ஆள் இல்லை. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், சாரு தலையசைத்ததும் அதை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதிலும் சொதப்பினேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

சாரு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. தாராபுரத்துப் பெண். இங்கே திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் — அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கும் தையல் செக்‌ஷனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. காலேஜில் படிக்கும்போது டிரம்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறாள். கல்யாணச் சீர் வந்த வேனிலிருந்து கட்டில், பீரோ, வாஷிங் மெஷினோடு டிரம்ஸும் இறங்கியது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சிம்பல் என்கிற வட்டத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மூடி இங்கே இருக்கிறது, அண்டாவைக் காணோமே என்று வேனுக்குள் தேடினார்.

ஆறு மாதமாக அது ஒரு மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. வாசிக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. வாசிக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. இரண்டு பேரும் வாயைத் திறக்காமலே ஒரு ஆயுளை ஓட்டிவிடுவோம்.

அப்போதுதான் அந்தத் தகவல் வந்தது. கோயம்புத்தூரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார். ஆள் தேடுகிறார்கள் என்று சாருவின் தோழி சொல்லியிருக்கிறாள். இரண்டு பாட்டுக்கு வாசித்து, ரெக்கார்ட் செய்து, திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். வேறு மூன்று பேரும் அனுப்புகிறார்களாம். கேட்டுப் பார்த்து ஒருவரை எடுத்துக்கொள்வார்கள்.

இதை என்னிடம் சொன்னபோது அவள் ஆற்றிக்கொண்டிருந்த காபியில் பாதி அடுப்பு மேடையில் கொட்டியது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு எனக்குக் காபி கொடுத்த கை அது. அன்றைக்கு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எவ்வளவு ஆசை இருந்தால் இப்படிக் கொட்டும்?

ஸ்டுடியோவுக்குப் போகலாமே என்றேன். அந்த வாடகைக்கு அவள் பட்ஜெட்டில் இடமில்லை. நான் தருகிறேன் என்றால் வாங்க மாட்டாள். தன் ஆசைக்குத் தன் கைக்காசுதான் என்பது அவள் கொள்கை. தோழியிடமிருந்து இரண்டு மைக் இரவல் வாங்கினாள். லேப்டாப்போடு இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் பிடித்தாள். ஸ்டுடியோவில் டிரம்ஸுக்கு மட்டுமே எட்டு மைக் வைப்பார்களாம். நமக்கு இரண்டு. ஒன்று தலைக்கு மேலே. இன்னொன்று, காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் முன்னால்.

மைக்குக்கு ஸ்டாண்டு? ஒட்டடைக்கம்பை பீரோவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் குறுக்கே கட்டி, ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக்கால் ஒரு மைக்கைத் தொங்கவிட்டோம். கீழ் மைக்குக்கு நூல் கோன். நூல் தீர்ந்த அட்டைக் கோன் திருப்பூரில் எந்த வீட்டில் இல்லை? மடித்த டி‌ஷர்ட் மேல் கோனைப் படுக்கவைத்து மைக்கைச் செருகினால் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்புறம் என் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார்.

அவர் கீழே பத்து தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவர். முப்பது வருஷமாகத் துணியோடுதான் வாழ்க்கை. எந்தப் பிரச்சினைக்கும் துணியில் தீர்வு உண்டு என்று நம்புகிறவர். மேஜை ஆடுகிறதா? துணியை மடித்து வை. கதவு அடிக்கிறதா? துணியைச் சொருகு. அவரிடம் போய் சாரு, வெறும் சுவரில் சத்தம் எதிரொலிக்கிறது, பின்னால் மட்டும் கொஞ்சம் துணி இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டாள்.

"எத்தன ஜிஎஸ்எம் வேணும் கண்ணு?" என்றார்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. எங்கள் ஊரில் துணியைப் பற்றி யார் பேசினாலும் அதை வைத்துத்தான் பேசுவார்கள். டிரம்ஸுக்கு எத்தனை ஜிஎஸ்எம் என்று இதற்கு முன்னால் யாராவது கேட்டிருப்பார்களா? அவரே முடிவு பண்ணினார். முந்நூற்றிருபது. ஃப்ளீஸ். குளிர் தேசத்துக்காரர்கள் போடுகிற கனத்த ஸ்வெட்‌ஷர்ட்டுக்கான துணி.

முதல் ரோல் அவர் தோளில் ஏறி வந்து பின்சுவரில் சாய்ந்தது. "போதுமுங்க மாமா" என்றாள் சாரு.

இங்கே ஒருவர் போதும் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? விருந்தில் இலைக்கு மேல் குறுக்கே கை வைத்து மறைத்தாலும், விரல் இடுக்கில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவோம். முதல் தடவை சொன்ன போதும் என்பதை நம்பிப் பந்தியை விட்டு நகர்ந்தவனுக்கு ஊருக்குள் பெயர் கெட்டுவிடும். அவரும் நம்பவில்லை. இரண்டாவது ரோல் வந்தது. போதுமுங்க மாமா. மூன்றாவது வந்தது. போதுமுங்க மாமா...

பன்னிரண்டு மணிக்குப் பதினோரு ரோல். நாலு சுவரும் மறைந்துவிட்டன. ஜன்னல் இருந்த இடம் தெரியவில்லை. மைக்கில் காற்றுச் சத்தம் விழும் என்று ஃபேனும் நிறுத்தம். முந்நூற்றிருபது ஜிஎஸ்எம்முக்கு நடுவில் ஆனி மாதத்து மத்தியானத்தை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்களா? வேண்டாம்.

சாரு தலையசைத்தாள். அழுத்தினேன். பாருங்கள், அந்தப் பெண் வாசித்தாள் ஒரு வாசிப்பு... ஆறு மாதமாக என் வீட்டில் தலை குனிந்து காய் நறுக்கியது இவள்தானா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெக்கார்ட் ஆனதைப் போட்டுக் கேட்டோம். மொட்டைமாடியில் யாரோ மெத்தையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கணீரென்று நீள வேண்டிய சிம்பல், பட்ட இடத்திலேயே அடங்கிப்போனது. மறுபடி வாசித்தாள். மறுபடி மெத்தை. ஐந்து தடவை.

வீட்டுக்காரர் பனியன் நனைய வாசலில் வந்து நின்று, பத்தாவிட்டால் கீழே இன்னும் நாலு ரோல் கிடக்கிறது என்றார். சாரு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். நன்றாக இருக்கிறதாமே! அவர் சந்தோஷமாக அடுத்த ரோலை எடுக்கக் கீழே போனார்.

அவர் போனதும் குச்சி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். துணிதான் சத்தத்தைக் கொல்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் மாமா முதுகு ஒடியச் சுமந்து வந்ததை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? இப்படியே அனுப்பிவிடலாம், கிடைக்காவிட்டால் போகட்டும் என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, அவள் மேலா, என் மேலேயேவா தெரியவில்லை. ஏனுங்க, எல்லாத்தையும் எடுங்க என்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். இன்றைக்கு நான் பேசினால், இந்த வீட்டில் அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் என் வாய் வேண்டியிருக்கும் இல்லையா?

"நாஞ்சொன்னா அது என்ற பேச்சாயிரும், உன்ற பேச்சாகாது கண்ணு" என்றேன். "உனக்கு வேணும்னா நீதான் சொல்லோணும்."

படியில் காலடிச் சத்தம். பன்னிரண்டாவது ரோல் தோளில் வந்துகொண்டிருந்தது. சாரு எழுந்து நின்றாள்.

"மாமா, அதைய வெக்காதீங்க. துணி சாஸ்தியாயிருச்சுங்க. பின்னால ஒண்ணு மட்டும் இருக்கட்டும். மத்ததெல்லாம் எடுக்கோணுமுங்க."

அவர் ரோலோடு அப்படியே நின்றார். எதிர் வீட்டு நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. மனுஷர் கோபித்துக்கொண்டு கீழே போய்விட்டால்? இந்தப் பெண் இனி ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டாளே...

"அப்ப காத்தாலிருந்து போதும் போதும்னது, நெசமாலுமே போதும்னுதானா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"அதைய இப்படிச் சொல்லியிருந்தா, ஒரு ரோலோட என்ற முதுகு தப்பிச்சிருக்கும் சாமி."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அப்புறம் மூன்று பேருமாக ரோல்களை உருட்டி வெளியே தள்ளினோம். சாரு இப்போது தயங்கவே இல்லை. இது போகட்டும், அது இருக்கட்டும், இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று மாமனாரை வேலை வாங்கினாள். பெரிய டிரம்முக்குள் மட்டும் ஒரு துண்டு ஃப்ளீஸை மடித்து வைத்தாள். சிம்பலைத் தட்டினாள். கணீரென்றது. எதிர் வீட்டு மெஷின் சத்தம் மைக்கில் விழாதா என்று கேட்டேன். நான் அடித்தால் அது எங்கே கேட்கும் என்றாள். பாருங்களேன், திமிரை!

அடுத்து வாசித்ததுதான் அன்றைக்கு உச்சம். முடித்துவிட்டு மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள். நான் வாசிப்பில் மயங்கி, சிவப்புப் புள்ளியை அழுத்தவே இல்லை. "அத்தை, அடுத்த வாட்டி என்னையப் பாக்காதீங்க, அந்தப் புள்ளியப் பாருங்க" என்றாள். அடுத்த வாட்டி புள்ளியை மட்டுமே பார்த்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பாட்டும் கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தன.

புதன்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அவளைத்தான் எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ரிகர்சல், வர முடியுமா என்று கேட்டார்கள். சாரு என்னையும் பார்க்கவில்லை, மாமனாரையும் பார்க்கவில்லை. வர்றேனுங்க என்றாள். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமையானா கோயமுத்தூர் போயிருவேனுங்க அத்தை. வர்றதுக்கு நேரமாகும்."

போகட்டுமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னாள். வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். இதே வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது. அவளுக்கு ஆறே மாதம்.

சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது... இருக்கட்டுமே!