வாடகைச் சட்டை

இண்டர்வியூவுக்குப் போட என்னிடம் நல்ல சட்டை இல்லை. அடையாறில் எங்கள் தெருச் சலவைக்காரர், வெளுக்க வந்த ஒரு வெள்ளைச் சட்டையை வாடகைக்குத் தந்தார். "சாயங்காலம் குடுத்துரு நைனா, அழுக்காவாம பாத்துக்க."

பாண்டி பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வழியெல்லாம் என் சட்டையையே பார்த்துக்கொண்டு வந்த ஒருவர் பின்னாலேயே இறங்கி என் காலரைப் பிடித்துத் திருப்பினார். உள்ளே, அவர் வீட்டுத் துணி என்று தெரியச் சலவைக்காரர் மையால் போட்ட குறி.

"என் சட்டை உன் மேல எப்படிடா வந்துச்சு?" என்றபடியே மூக்கில் குத்தினார். ரத்தம் வழிந்தது. மறுபடி ஓங்கிய கை, சட்டென்று என் மோவாயைப் பிடித்து மேலே தூக்கியது.

"அப்படியே நில்லு. சட்டைல சொட்டிடப் போவுது."

பிறகு ஒவ்வொரு பொத்தானாக, நூல்கூடப் பிரியாமல், பொறுமையாகக் கழற்றினார். ரத்தம் வழியும் பனியனோடு நின்றேன்.

இண்டர்வியூவுக்குப் போகவில்லை. அதன்பின் எத்தனையோ சட்டைகள் வாங்கிவிட்டேன். இன்றும் புதுச் சட்டையைப் போட்டதும் என் கை முதலில் மூக்கைத்தான் தொட்டுப் பார்க்கிறது.