இரண்டாவது படுக்கை காலி

நாங்கள் இருவரும் மலேசியாவில் பகாவ் நகருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவருக்கு நான் டீச்சர், எனக்கு அவர் டீச்சர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் கணவர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து இறந்துபோனார். புதுக் கிராணி வரும்வரை இருக்கலாம் என்று நிர்வாகம் சொன்னதால், அந்தப் பலகை வீட்டிலேயே டீச்சர் தனியாக இருந்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே நாலு கிலோமீட்டர் மண்பாதை. மழை நாளில் சக்கரம் வழுக்கும், அப்படியும் போவேன். காரணம் அலாஸ்கா.

எங்கள் எஸ்டேட்டில் முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை. எதுவாக இருந்தாலும் வரிசை. யாரும் வரிசையில் நடாத ஒரு காட்டைச் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. எப்படி வந்தது என்று தெரியவில்லை. வான்கூவரில் கப்பல் ஏறி ஏழு நாள் வடக்கே போவது. கடைசித் துறைமுகத்தில் இறங்கி, எந்தச் சுற்றுலாக் குழுவோடும் சேராமல், நாங்களே ரயிலும் பஸ்ஸும் பிடித்து உள்நாட்டுக்குள் பத்து நாள் போவது. இதுதான் திட்டம்.

வரைபடத்தை அவர் சாப்பாட்டு மேசையில் விரிப்பேன். டீச்சர் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைப்பார். நான் ரயில் நேரத்தை எழுதுவேன், அவர் எடுத்துப்போக வேண்டியதை எழுதுவார். பருப்புப் பொடி, ஊறுகாய், கம்பளிக் காலுறை.

"கப்பல் மட்டும் போதாதா டீச்சர்? எறங்கி பஸ்ஸுக்கெல்லாம் அலையணுமா?" என்று அடிக்கடி கேட்பார். நான் விளக்குவேன். அடுத்த வாரமும் அதையே கேட்பார். ஆர்வத்தில் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு நான் நாள் குறித்தேன். சிரம்பானில் உள்ள பயண ஆபீஸில் இரண்டு படுக்கை உள்ள கேபின் ஒன்றைப் பதிந்தேன். கோலாலம்பூரில் விசா நேர்காணலுக்கு இரண்டு பேருக்கும் ஒரே நாள் கிடைத்தது. காலையில் பகாவ் பஸ் ஸ்டேஷனில் சந்திப்பதாகப் பேச்சு.

டீச்சர் வரவில்லை. நாலு முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் கிளம்பியது, நான் மட்டும் ஏறினேன். நேர்காணலில் யாருடன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். தோழியுடன் என்றேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு முடியலையா டீச்சர்?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் வரல?"

கையிலிருந்த துணியை உதறி, மடித்து, மறுபடியும் உதறினார். "நான் வரல டீச்சர். எனக்குக் கப்பல்னாலே பயம். பினாங்கு ஃபெரியிலயே கண்ண மூடிக்கிட்டுதான் போவேன்."

"மூணு வருஷமா ஒரு வார்த்த சொல்லலையே?"

"சொல்லியிருந்தா நீங்க வர்றத நிறுத்தியிருப்பீங்க. அவரு போனப்புறம் இந்த வீட்டுல மனுசக் கொரல் கேக்குறது சனிக்கெழம மட்டும்தான் லா. நீங்க அந்த ரயிலப் பத்திப் பேசுறது கேக்க நல்லாருக்கும். நெசமாவே நாள் குறிப்பீங்கன்னு நான் நெனைக்கல."

"என்னைய ஏமாத்திட்டீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்பினேன். பாதி வழியில் நிறுத்தினேன். அழுகை வரவில்லை. உங்களுக்கு இதில் விருப்பமா என்று மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவரைக் கேட்டதில்லை. அது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.

இரண்டு மாதத்தில் புதுக் கிராணி வந்துவிட்டார். டீச்சரின் மகன் லாரி கொண்டுவந்து சாமான்களை ஏற்றி, அவரை மந்தினில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்று பள்ளிக் காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய் ஒரு பெட்டி தூக்கிக் கொடுத்திருக்கலாம்.

திட்டத்தை ஒரு ஆளுக்காகத் திருத்தி எழுதினேன். இரண்டாவது படுக்கை காலியாகத்தான் வரும் என்றாள் பயண ஆபீஸ் பெண். பரவாயில்லை என்றேன். கப்பலைவிட்டு இறங்கிய பிறகான கரைப் பயணத்தைத் திருத்துவதுதான் சிரமமாக இருந்தது. ஸ்டேஷனில் கழிவறைக்குப் போனால் பையை யார் பார்ப்பது? பஸ் தவறிவிட்டால் யாரோடு உட்கார்ந்து யோசிப்பது? ஒவ்வொரு ஊராக அடித்துக்கொண்டே வந்ததில் பத்து நாள் இரண்டு நாளானது.

போன வாரம் பயண ஆபீஸிலிருந்து கடைசிப் படிவம் வந்தது. ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். எனக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் போன வருஷம் தவறிவிட்டார். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பினேன். கடைசியில் மந்தினுக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், ஒரு ஃபாரத்துல ஒங்க நம்பரப் போடணும். எனக்கு ஏதாச்சும் ஆனா ஒங்களுக்குத்தான் சொல்லுவாங்க. போடட்டுமா?"

"போடுங்க," என்றார். "தனியாவா போறீங்க?"

"ஆமா."

ஏதோ சொல்ல வந்தார். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. "அப்புறம் கூப்புடுறேன் டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

இன்னும் கூப்பிடவில்லை. கிளம்ப மூன்று வாரம் இருக்கிறது. பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் திறந்து வைத்திருக்கிறேன்.