பூனை தூங்கிய தளம்

எங்கள் வீட்டில் ஆள் வைத்துச் செய்த வேலை என்று எதையும் காட்ட முடியாது. சமையல் மேடை அம்மா கட்டியது. சுவரில் விட்ட மாடங்களும் அம்மா கட்டியவை. பின்பக்கச் சுவர், கோழி உள்ளே வராமலிருக்க வாசலில் வைத்த முழ உயரத் தடுப்பு, குளியலறையில் சோப்பு வைக்கிற குழி வரைக்கும் அவள் கைவேலைதான். அந்தச் சோப்புக் குழியை மட்டும் அவள் உயரத்துக்கு வைத்துவிட்டாள். அப்பா ஒவ்வொரு நாளும் குனிந்து சோப்பை எடுத்துக்கொண்டே திட்டுவார்.

"உங்கம்மாவுக்குக் கை சும்மா இருக்காதுடா. ஒரு நாள் லீவு கிடைச்சா வீட்டுல ஒரு சுவர் முளைச்சிடும். ஒரு நாள் நான் லோடு இறக்கிட்டு வந்து பாக்கப் போறேன், வாசலையே அடைச்சு வெச்சிருப்பா."

"அடைச்சா பின்பக்கமா வாங்க. அங்கயும் நான்தான் படி கட்டியிருக்கேன்," என்பாள் அம்மா.

இவ்வளவும் கட்டியவள் கொத்தனார் இல்லை, சித்தாள். பத்தொன்பது வருடமாக ஒரே மேஸ்திரியிடம் வேலை. மணல் சலிப்பாள், கலவை குழைப்பாள், சட்டியில் வாரித் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறுவாள். கொத்தனார் கேட்டால் கரண்டியைக் கழுவி எடுத்துக் கொடுப்பாள். அந்தக் கரண்டியால் ஒரு செங்கல்லின் மேல் கலவை வைக்க ஒரு நாளும் யாரும் அவளை விட்டதில்லை. கேட்டால், "அது ஆம்பளை வேலை," என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சிரிப்பார்கள், அவ்வளவுதான். முனை தேய்ந்துபோனதென்று ஒரு கொத்தனார் தூக்கியெறிந்த கரண்டியை அவள் எடுத்து வந்து, புதுப் பிடி போட்டு வைத்திருந்தாள். வீட்டு வேலை எல்லாம் அதில் நடந்ததுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கணிதம் படித்தேன். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பட்டத்தை மாட்டுவதற்குச் சுவரில் ஆணி தயாராக இருந்தது. "ரிசல்ட் இன்னும் வரலையேம்மா," என்றேன். "ஆணிக்கு எதுக்குடா ரிசல்ட்டு?" என்றாள். போன கோடைக்குள் பட்டம் அந்த ஆணியில் ஏறிவிட்டது, எனக்கு ஓர் அலுவலகத்தில் வேலையும் கிடைத்துவிட்டது.

பூனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. மொத்தம் மூன்று. எதையும் நாங்கள் கேட்டு வாங்கவில்லை, அவையாக வந்து தங்கிக்கொண்டன. சாம்பல் நிறத்தில் இருப்பவள் ஒட்டடை. அவள் மகள் ஒருத்தி, இன்னும் பெயர் வைக்கவில்லை. மூன்றாவது மஞ்சள் கடுவன். யார் எந்த வேலை செய்தாலும் எதிரில் உட்கார்ந்து, ஒரு துரும்பையும் நகர்த்தாமல், முடியும்வரை முறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர். அம்மா போட்ட ஒவ்வொரு தளத்திலும் இவற்றின் கால்தடம் இருக்கிறது. சமையல் மேடையில் நான்கு, குளியலறையில் ஒரு வரிசை. "வேலை முடிஞ்சதும் கையெழுத்து போட்டுட்டுப் போயிருக்கு பாரு," என்பாள்.

போன கோடையில் மேஸ்திரியிடம் இருந்த கொத்தனார் ஒருவர் தன் மகள் இருக்கிற ஊருக்கே குடிபோய்விட்டார். மறுநாள் டீ குடிக்கிற நேரத்தில் அம்மா நேராகக் கேட்டுவிட்டாள்.

"மேஸ்திரி, அந்த எடம் காலியாதானே இருக்கு? எனக்குக் கொடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது மீசைக்காரக் கொத்தனார். "அக்கா கரண்டி புடிச்சிட்டா அப்புறம் சட்டி யாரு தூக்குறது? மச்சானை வரச் சொல்லலாமா?"

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. டீயை முழுக்கக் குடித்துவிட்டுச் சொன்னாராம்: "சுவர் கோணினா பூசி மறைச்சுக்கலாம். தளத்துல தண்ணி நின்னா மறைக்க முடியாது. நீயா போட்ட தளம் ஒண்ணு காட்டும்மா. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்கே வரேன். ஒரு சொட்டு நிக்கக் கூடாது. நின்னா, இந்தப் பேச்ச அதோட விட்டுடணும்."

வீட்டில் இருந்த பழைய தளங்கள் எதையும் காட்ட முடியாது. அவை அவள் கைபழகுவதற்காகப் போட்டவை. காட்ட வேண்டியது புதுத் தளம். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் நான்கு பலகைக்கல்லும் சேறும்தான் கிடந்தன. ஏழடிக்கு ஆறடி. தண்ணீர் போக வேண்டியது ஒரே ஒரு மூலைக்கு.

"உன் படிப்புல வாட்டத்துக்குக் கணக்கு இருக்கா?" என்று கேட்டாள். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கிற சரிவு. நான் ஒரு தாளை எடுத்து, முக்கோணம் போட்டு, கோணம் கண்டுபிடித்து, கால் மணி நேரம் கழித்துச் சொன்னேன்: "அடிக்குக் கால் அங்குலம் இறக்கணும்மா."

"அது எனக்குத் தெரியும். இதச் சொல்லவா மூணு வருஷம் படிச்சே?" என்றாள். ஆனால் அந்தத் தாளை மடித்து மாடத்தில் வைத்துக்கொண்டாள்.

முதல் ஞாயிறு விடிந்ததும் ஆரம்பித்தாள். ஜல்லி போட்டு இடித்தாள். நூல் கட்டினாள். மூலைக்கு மூலை கலவையில் சின்னச் சின்ன மேடு வைத்து, அவற்றின்மேல் மட்டப்பலகையை ஓட்டி இழுத்தாள். குந்திய காலை மாற்றாமல் பின்னோக்கியே நகர்ந்து, கட்டையால் தேய்த்து, சிமெண்டுப் பாலைத் தெளித்துக் கரண்டியால் மெழுகினாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மூலை... அந்த மூலை," என்று எந்த மூலை என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அம்மா தளத்தின் மேல் பழைய தார்ப்பாயை விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தாள்.

"பூனை காலு படாம பாத்துக்க. நான் ஒரு வாய் சாப்பிட்டு வந்துடறேன்," என்றாள்.

நான் குச்சியோடு காவல் இருந்தேன். ஒட்டடையை இரண்டு முறை விரட்டினேன். கொஞ்சம் போனைப் பார்த்தேன். திரும்பியபோது சூப்பர்வைசர் தார்ப்பாயின் நட்டநடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் தார்ப்பாய் கதகதப்பாக இருந்திருக்கும். கால் தளத்தில் படவில்லை, நடுவே தார்ப்பாய் இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். எழுப்பப் போனால் ஓடி மிதித்துவிடுமோ என்றும் யோசித்தேன். யோசித்து, அதைத் தூங்கவிட்டேன். ஒரு மணி நேரம் தூங்கியது.

வாரம் முழுக்க அம்மா தளத்தைச் சுற்றி மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் வரப்பை உடைத்து, கழுவி, நாங்கள் மூன்று பேரும் ஓரமாக நின்றோம். தளம் அத்தனை அழகாக இருந்தது. அம்மா ஒரு குடம் தண்ணீரை மேல் மூலையில் சாய்த்தாள். தண்ணீர் விரிந்து, குறுகி, சொன்ன மூலைக்கே போய் வடிகுழாயில் விழுந்தது.

"போச்சு. நாளைக்கு மீசைக்காரன் மீசைய எடுக்கணும்," என்றார் அப்பா.

அப்போது சூப்பர்வைசர் வந்தது. ஈரத் தளத்தில் நேராக நடந்து, நடுவுக்குப் போய், குனிந்து நக்கிக் குடிக்க ஆரம்பித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அது நிறுத்தவில்லை.

அம்மா போய்க் குந்தி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஈரம் காயக் காய அந்த இடம் தெரிந்தது. ஒரு தட்டு அகலம், நகத்தின் கனத்துக்குத் தண்ணீர்.

"இது கரண்டி விட்ட பள்ளம் இல்ல," என்றாள் தனக்குத்தானே. "கரண்டி விட்டா நீளமா இருக்கும். இது உருண்டையா இருக்கு." பூனையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"கால் படவே இல்லம்மா..."

"தூங்குச்சா?"

"ஒரு மணி நேரம்."

அவள் திட்டியிருக்கலாம். "பட்டதாரி," என்று மட்டும் சொன்னாள். அதற்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்ததும் யோசனைகள் வந்தன. அந்த இடத்தில் வாளியைக் கவிழ்த்து வைக்கலாம் என்றேன் நான். காலையிலேயே துடைத்துவிட்டு, மேஸ்திரி வந்ததும் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றலாம் என்றார் அப்பா. "அவரு என்ன நக்கியா பாக்கப் போறாரு?"

அம்மா உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தாள்.

"ஏய், என்ன பண்றே? விடிஞ்சா வராரு! மேல லேசா ஒரு பூச்சு பூசிடேன்!" என்று கத்தினார் அப்பா.

"லேசாப் பூசினா நாலு மாசத்துல உரிஞ்சு வந்துடும். அன்னிக்கு நான் வேற வீட்டுல தளம் போட்டுக்கிட்டு இருப்பேன். அங்கயும் இப்படித்தான் பண்ணுவேன்னு எனக்கே தோணிடும்."

முதல் அடி விழுந்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடி மாதிரி இருந்த தளத்தின் நடுவில் முழ நீளத்துக்கு ஒரு சதுரம் வெட்டியெடுத்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கைப் போட்டு ஊற வைத்தாள். "புதுக் கலவை போடறதுக்கு முன்னாடி பழசு தண்ணி குடிச்சிருக்கணும். இல்லேன்னா அது புதுசோட தண்ணியக் குடிச்சிடும்."

ஞாயிறு காலை மேஸ்திரி வந்தார், கூடவே மீசைக்காரரும். நேராகப் பின்பக்கம் போனார்கள். தளத்தைப் பார்த்ததும் மீசைக்காரர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார்.

"தளம் போட்டுக் காட்டச் சொன்னா அக்கா கெணறு வெட்டிக் காட்டுது!"

"நடுவுல தண்ணி நின்னுச்சு மேஸ்திரி," என்றாள் அம்மா. "வெட்டிட்டேன்."

"எவ்வளவு நின்னுச்சு?"

"நகத்துக் கனம்."

"நானா வந்து பாத்திருந்தா கண்ணுல பட்டிருக்குமா?"

"பட்டிருக்காது. எங்க பூனைதான் கண்டுபிடிச்சுது. பள்ளம் போட்டதும் அதுதான்." தூங்கிய கதையைச் சொன்னாள். என் பெயரை அவள் எடுக்கவில்லை. நானே ஒப்புக்கொண்டேன்.

மேஸ்திரி சிரித்தாரா என்று தெரியவில்லை. குனிந்து, வெட்டிய ஓரத்தில் விரலை விட்டுத் தடவினார். "நேரா வெட்டாம உள்பக்கமா சரிச்சு வெட்டியிருக்கியே, ஏன்?"

"அப்பத்தான் புதுசு பழசுக்கு அடியில போய்க் கவ்விக்கும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பத்தொம்பது வருஷமா பாத்துக்கிட்டு நிக்கறேன்ல."

அவர் எழுந்து, ஒரு குடம் தண்ணீரைத் தானே எடுத்து, பள்ளத்தை விட்டுவிட்டு நான்கு பக்கமும் ஊற்றினார். காத்திருந்தார். காலால் தடவினார். எங்கும் நிற்கவில்லை.

"இத இப்ப அடை. பாக்கறேன்."

அம்மா உடனே மணல் குவியலுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தாள். மேஸ்திரி, "அத வை," என்றார். "கொத்தனார் கலவை குழைக்கறதில்ல." திரும்பி மீசைக்காரரைப் பார்த்தார். "நீ குழை."

"நானா?"

"பின்ன, பூனையா?"

மீசைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழைத்தார். சட்டியில் கொண்டு வந்து வைத்தார். அம்மா கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டினாள்.

"தண்ணி அதிகம் தம்பி. கொஞ்சம் மணல் சேத்துக் கொண்டா."

அப்பா வேறு பக்கம் திரும்பி இருமினார். மீசைக்காரர் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது முறை சரியாகக் கொண்டு வந்தார். அம்மா சதுரத்தை நிரப்பினாள், பலகை ஓட்டினாள், தேய்த்தாள், மெழுகினாள். ஓரத்தில் ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. விரல் வைத்தால் தெரியவில்லை. மேஸ்திரி வைத்துப் பார்த்தார். மீசைக்காரரும் வைத்துப் பார்த்து, "ம்," என்றார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

"நாளையிலிருந்து குளியலறை, துவைக்கிற எடம், மொட்டைமாடித் தளம் எல்லாம் உன் பொறுப்பு," என்றார் மேஸ்திரி. "வெளிச்சுவரைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"அப்புறம்னா எப்ப மேஸ்திரி?"

"ஏம்மா, இன்னிக்கு இத வாங்கிக்கயேன்!"

"வாங்கிக்கிட்டேன். எப்பன்னு கேட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "மழைக்கு அப்புறம்," என்றார். அம்மா தலையசைத்தாள். அவளுக்கு நாள் தெரிந்தால் போதும், விட மாட்டாள்.

திங்கட்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். ஒட்டடை மடியில் கிடந்தது. அப்பா அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். அவர் அடுப்படிக்குப் போய் நான் பார்த்ததில்லை.

"என்னம்மா, எப்படி இருந்துச்சு?"

அவள் வலது கையை நீட்டி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். "ராத்திரி படுத்தா எப்பவும் கழுத்துதான்டா வலிக்கும். இன்னிக்கு கழுத்துல ஒண்ணும் இல்ல." கையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். "மணிக்கட்டு வலிக்குது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த கர்வத்தை, நான் பட்டம் வாங்கிய அன்றுகூடப் பார்க்கவில்லை. அப்பா வெந்நீரைக் கொண்டு வந்து வைத்தார்.

"கொத்தனாரம்மா, கைய உள்ள விடுங்க," என்றார். "சூடு பதமா இருக்கா பாருங்க. அதிகமா இருந்தா திருப்பிக் கொண்டுபோறேன்."