தைலம்மையின் வலது கரண்டை

தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்காக விடுதியில் நாங்கள் எல்லாரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஒருவர் வந்து நின்று, "தைலம்மை பெட்டி எதும்மா?" என்று கேட்டார். அவளுடைய சித்தப்பா. கறம்பக்குடியிலிருந்து முதல் வண்டியில் வந்திருந்தார். கரியில் ஓடும் அந்த பஸ்ஸின் புகை அவர் வேட்டியிலும் துண்டிலும் படிந்திருந்தது. கல்யாண நாள் குறித்துவிட்டார்கள், இனி அவளைப் படிக்க அனுப்பப் போவதில்லை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். எங்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "என்னங்க, கல்யாணப் பொண்ணு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயே போறாளா?" என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தபடி, "போயிட்டாம்மா. முந்தாநாத்து" என்றார்.

நான்காம் பாரம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பதால், நம் மாணவியர் சங்கக் கூட்டத்தில் படிக்க அவளைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். "அமைதியாக எழுது. பெரியவர்களைக் குறை சொல்லாதே" என்று விடுதி அம்மாவும் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். அமைதியாக எழுதியதில் ஒரு நல்ல பெண் இருந்தாள், தைலம்மை இல்லை. அதனால் அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எலும்புகளைப் பற்றிய பாடம் நடந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கணுக்காலின் இரண்டு பக்கமும் மொட்டுப் போலப் புடைத்திருக்கிறதே, நாம் கரண்டை என்று சொல்வது, அது என்ன எலும்பு என்று டீச்சர் கேட்டார்கள். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி தனித்தனியாக இரண்டு எலும்புகள் இருக்கின்றன என்று ஒருத்தி சொன்னாள். நான் எழுந்து புத்தகத்தில் இருந்த வரியை அப்படியே ஒப்பித்தேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. தைலம்மை கையைத் தூக்கவில்லை. காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்து, பாவாடையை ஒரு சாண் ஏற்றினாள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தனி எலும்பு இல்லிங்க டீச்சர். முழங்காலுக்குக் கீழ முன்னால தட்டுப்படுதே, அந்தப் பெரிய எலும்புதான் நேரா எறங்கி வந்து உள்பக்கம் இப்படி மொட்டா முடியுது. வெளிப்பக்கத்து மொட்டு வேற எலும்போட நுனி. அது குச்சி மாதிரி. சதைக்குள்ள ஒளிஞ்சே வந்து கடைசியிலதான் தலையைக் காட்டுது." விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனாள். "ரெண்டும் ஒரே மட்டத்துல இல்ல. உள்ளது ஒசரம், கொஞ்சம் முன்னால. வெளியது எறக்கம், கொஞ்சம் பின்னால. நடுவுல இருக்கிற பாத எலும்பை ரெண்டும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

வகுப்பு முழுவதும் குனிந்து தன் தன் காலைத் தடவியது. டீச்சரும் புடவைக் கரையை லேசாக ஒதுக்கித் தொட்டுப் பார்த்தார்கள். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டதற்கு அவள், "காப்பு உரசி உரசி எங்க எலும்பு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுங்க டீச்சர்" என்றாள்.

அந்தக் காப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் இருவரின் குடும்பங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. பரிசம் போடுகிற நாளில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் இரண்டு கால்களிலும் கனமான வெள்ளிக் காப்பைப் போட்டு, ஆசாரியை வைத்து ஆணி அடித்து மூடுவார்கள். கல்யாணத்தன்று மாமியார் முன்னிலையில்தான் ஆணியை எடுக்கலாம். நடுவில் கழற்றினால் சம்பந்தமே கழன்றது போல. கரண்டை இருக்கிறபோது காப்பு தானாகக் கழன்று விழாது. தைலம்மைக்குப் போன வருஷம் அத்தை மகனுக்கென்று பரிசம் போட்டார்கள். "கால் என்னோடது, சாவி எங்க அத்தையோடது" என்பாள். "கடவுள் இந்த ரெண்டு மொட்டையும் காப்பு நிக்கிறதுக்குத்தான் வச்சாருன்னு எங்க ஆத்தா நெனைச்சுக்கிட்டு இருக்காங்க" என்பதும் அவள் சொன்னதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்கரண்டைக்குப் பின்னால் நாடி துடிப்பதை அவள் கண்டுபிடித்தாள். காப்பை மேலே தள்ளிவிட்டு, எலும்புக்கும் குதிகால் நரம்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விரலை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு விடுதியில் ஒருவரையும் விடவில்லை. எங்கள் கால்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுச் சமையல்கார அம்மாளிடம் போனாள்.

"காலைத் தொடாதடி. கன்னிப்பொண்ணு தொட்டா எனக்குப் பாவம்."

"பாவம் எனக்கு வரட்டும், நீங்க காலை நீட்டுங்க. நாடி இல்லேன்னா இன்னிக்கே சொல்லிர்றேன், சமையலுக்கு வேற ஆளு பாக்கணும்."

"வாயைப் பாரு இவளுக்கு" என்று சொன்னபடியே அந்த அம்மாள் காலை நீட்டினார். தைலம்மை அவர் விரலையே பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, இங்கிட்டும் உசுரு ஓடுதா" என்றார். "பாடத்துல இருக்கிறது நம்ம ஒடம்புல இருக்கான்னு பாக்கணும். இல்லாட்டி அது வெறும் பாட்டு" என்று தைலம்மை என்னைப் பார்த்துச் சொன்னாள். ஒப்பிப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு அது சுருக்கென்றது.

நவராத்திரி விடுமுறை முடிந்து நாங்கள் எல்லாரும் திரும்பி வந்தோம். அவள் வரவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் ஊருணிப் படியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாளாம், வலது காலில் வெளிக்கரண்டை முறிந்துவிட்டதாம். கீரமங்கலத்திலிருந்து என் அப்பா வெற்றிலை வியாபாரமாகக் கறம்பக்குடி சந்தைக்குப் போவது வழக்கம். அடுத்த சனிக்கிழமை புதுக்கோட்டை விடுதிக்கு வந்து என்னையும் அழைத்துப் போனார்.

கூடத்தில் ஒரு நெல் மூட்டையின்மேல் அவள் காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். நாட்டு வைத்தியர் காப்பைக் கழற்றினால்தான் கட்டுப் போடுவேன் என்று முதலில் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒப்பவில்லை. அவரும் பச்சிலையை அரைத்துப் பூசி, காப்பின் மேலேயே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார். கால் வீங்கி, காப்பு சதைக்குள் புதைந்து கிடந்தது. வெள்ளியின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

அப்பா அவளுடைய பெரியப்பாவிடம், "அண்ணே, கால் நெறம் மாறிக் கெடக்கு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருவோம். வண்டிக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

"ஆஸ்பத்திரியில மொத வேலையா காப்பைத்தான் வெட்டுவாங்க."

"வெட்டட்டுமே."

"ஊரு கூடிப் பூட்டினது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா யாரு பதில் சொல்றது? நாங்க சும்மா இருக்கல. அவங்களுக்குச் சொல்லி விட்டோம். தேய்பிறையில வேணாம், அமாவாசை கழியட்டும், நானே வந்து எடுத்துவிடுறேன்னு அவ அத்தையே சொல்லிருச்சு."

தைலம்மை கண்ணை மூடியபடியே, "பெரியப்பா, அதுவரைக்கும் எதுக்குங்க காத்துக்கிட்டு? காப்போட காலையும் சேத்து அத்தைக்கே குடுத்துருங்க" என்றாள். அவளுடைய ஆத்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பெரியப்பா, "படிக்க வச்சா இப்படித்தான் பேச்சு வரும்" என்று என் அப்பாவிடம் சொன்னார்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டு உள்பக்கம் சற்று நெகிழ்ந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்து அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். "உள்கரண்டைக்குப் பின்னால. பள்ளம் வீங்கித் தூந்துபோயிருக்கும், கொஞ்சம் அழுத்தித் தேடு. துடிக்குதா?"

தேடினேன். என் விரல் நுனியில் என் நாடியே அடித்துக்கொண்டது. அதை அவளுடையது என்று எண்ணி ஒரு கணம் மகிழ்ந்தேன். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் தேடினேன். அவளுடைய இடது காலில் அதே இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், அங்கே துடித்தது. வலது காலில் இல்லை.

"சொல்லு" என்றாள்.

"தெரியல, தைலம்."

"எனக்கும் நேத்துலேர்ந்து தெரியல" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பள்ளிக்கூடத்துச் சேதிகளைத்தான் கேட்டாள்.

வாசலில் பெரியப்பாவிடம் அப்பா மறுபடியும் பேசிப் பார்த்தார். நானும், "கால்ல நாடி இல்லிங்க. எலும்பு முறிஞ்சது ஆறிரும், ரத்தம் ஓடாட்டி கால் ஆறாது. காப்புதான் தடுக்குது" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "ஒங்க பொண்ணும் நல்லாத்தான் பேசுது" என்றார். எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். என் அப்பா அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

விடுதி வாசலில் அவளுடைய பெட்டியைத் தலையில் தூக்கி வைக்கும்போது, அந்தச் சித்தப்பாவிடம் நான் ஒன்று கேட்டேன். கேட்கக் கூடாததுதான். "காப்பை எடுத்தாங்களா?"

"எடுத்தோம்மா. அதோட பாடையில தூக்கக் கூடாதுல்ல. ஆசாரி வந்து அரத்தை வச்சு ராவினாரு, உளியை வச்சு ஒரு தட்டு, விட்டுப்போச்சு. அத்தை வீட்டுல குடுத்தாச்சு."

"எவ்வளவு நேரம் ஆச்சுங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர். கண் கலங்கிவிட்டது. "வெத்தலை போடுற நேரந்தாம்மா" என்றார்.

காப்பை எடுத்த அன்றைக்கும் தேய்பிறைதான். அமாவாசை வந்திருக்கவில்லை. அன்றைக்கு யாரும் நாள் பார்க்கவில்லை, அத்தையின் கைக்காகக் காத்திருக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. செத்த காலிலிருந்து கழற்றுவதற்குத் தடையாக இல்லாத சாத்திரம், உயிருள்ள காலிலிருந்து கழற்றுவதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது? விதி என்று சொன்னவர்களை நான் பார்த்தேன். அவர்கள் கையில்தான் அந்த விதி இருந்தது. ஆணியும் அவர்கள் அடித்ததுதான். "நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்" என்று இங்கே சிலர் சொல்கிறீர்கள். அவள் போய்ச் சேர விரும்பிய இடம் ஐந்தாம் பாரம்.

பொங்கல் விடுமுறையில் எனக்குப் பரிசம் போட நாள் குறித்திருக்கிறார்கள். காப்பு வேண்டாம் என்று தீபாவளியன்றே அப்பாவிடம் சொன்னேன். அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆசாரிக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஆத்தா மட்டும் சொன்னார்கள்.

தைலம்மையின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பெட்டி ஊருக்குப் போய்விட்டது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என் சொந்தக் காலில்தான் இருக்கிறது. உள்கரண்டைக்குப் பின்னால், ஒரு விரல் வைக்கும் அளவுக்கு ஓர் இடம். இதை எழுதும்போது இடது கை விரல் அங்கேதான் இருந்தது. ஆசாரி அரத்தோடும் ஆணியோடும் எங்கள் கூடத்தில் வந்து உட்காரும்போதும் அங்கேதான் இருக்கும். பாவாடைக்குள் கால்களை இழுத்துக்கொண்டு உட்காருவேன். என் விரலுக்குக் கீழே அது துடிக்கிறவரை, காலை நீட்டமாட்டேன்.