வேடம் கட்டிக்கொண்டு பொள்ளாச்சி போன சுதந்திர தினம்

சுதந்திர தினத்தன்று குடும்பத்தோடு பழங்கால உடை தைத்துப் போட்டுக்கொண்டு வெளியூர் விழாவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம், கோவையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம், ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யோசனை சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 1998ஆம் வருஷம் ஆகஸ்ட் பதினைந்து, சனிக்கிழமை, நாங்கள் நான்கு பேர் அதே பாதையில் அப்படித்தான் போனோம். இந்தப் பக்கத்தில் நான் எழுதிய மற்றப் பயணங்களைப் போல இது இனிமையாக இருக்காது. வழி விவரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

அப்போது எனக்கு உக்கடத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. தண்ணீர் மோட்டார் புகைந்துபோனால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. பொள்ளாச்சிக்கு மேற்கே தென்னந்தோப்பு வைத்திருந்த பழனிசாமி என்னுடைய பழைய வாடிக்கையாளர், நாளடைவில் நண்பர். அவர் ஊர் மண்டபத்தில் சுதந்திர தினத்துக்குக் குடும்ப வேடப் போட்டி வைக்கிறார்கள் என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டார். "பேரு குடுத்துப்போட்டேனுங்க. வராம இருந்துபோடாதீங்க. அம்மணி தையலைப் பார்த்தா எங்க ஊர்க்காரங்க அசந்துபோயிருவாங்க," என்றார்.

என் மனைவி மும்தாஜ் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பவள். அந்த வருஷம் பிப்ரவரியில் நகரத்தில் குண்டுகள் வெடித்த பிறகு அவளிடம் தைக்க வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். மெஷின் சும்மா கிடந்தது. எங்கள் தெருமுனையில் மணல் மூட்டை அடுக்கிப் போலீஸ் நின்றது. பால் வாங்கப் போனாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக்குள்ளேதான். அதனால் போட்டி என்றதும் மும்தாஜ் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பழைய ஜன்னல் திரையைக் கிழித்து எனக்குப் பாளையக்காரர் அங்கி. அதன் ஓரத்துக்கு அவளுடைய நிக்காஹ் சேலையின் ஜரிகை. அட்டையில் வெட்டிய வாளுக்குச் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். பன்னிரண்டு வயது மூத்தவள் நஸ்ரீனுக்குக் காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, மடிப்புத் தொப்பி. வெள்ளைக்காரனை எதிர்த்துப் படையில் சேர்ந்த பெண்ணாக அவள் மேடையில் பேச வேண்டும். ஏழு வயது பாத்திமா பஞ்சு மீசை ஒட்டிய வெள்ளைக்காரத் துரை. மும்தாஜ் வெள்ளைச் சேலையில் ராட்டை நூற்கும் தொண்டர். ராட்டையை நான்தான் செய்தேன். பழைய சைக்கிள் ரிம், பலகை, டால்டா டின், இறுக்கிக் கட்டக் கடையிலிருந்த செம்புக் கம்பி. பார்க்க நன்றாகவே இருந்தது. சுற்றவும் சுற்றியது.

மண்டபத்தில் உடை மாற்ற ஒரே ஓர் அறைதான், கூட்டம் நெரியும் என்று பழனிசாமி எச்சரித்திருந்தார். எனவே வேடத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினோம். காலை ஏழரை மணிக்கு உக்கடத்தில் பேருந்து ஏறினோம். பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர், அந்த நாளில் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் எட்டு ரூபாய் என்று ஞாபகம்.

முதல் பத்து நிமிடம் நாங்கள் நினைத்திருந்த பயணம்தான். நடத்துனர் என் தலைப்பாகையைப் பார்த்து, "ராசாவா இருந்தாலும் டிக்கெட் எடுக்கோணுமுங்க," என்றார். பேருந்து முழுக்கச் சிரித்தது. பாத்திமாவின் மீசையை ஒரு அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முன்வரிசையில் எங்களைப் போலவே இன்னொரு குடும்பம். அப்பா கதர் ஜிப்பாவில் இருந்தார். நஸ்ரீன் வயதில் அவர் மகள், கிரீடமும் மூவர்ணச் சேலையுமாகப் பாரத மாதா. அவள் கையில் நிஜக் கம்பி வைத்த சூலம். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நகர எல்லைச் சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். இளையவர் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். முதலில் பாரத மாதாவின் அப்பாவிடம் பெயர் கேட்டார். அவர் சொன்னார். சூலத்தைச் சும்மா தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு பாப்பா," என்று சொல்லி எங்களிடம் வந்தார்.

"உங்க பேருங்க?"

"சம்சுதீன்."

அவர் சிரிப்பு உடனே மறையவில்லை. மெதுவாகத்தான் போனது. "சாக்குல என்னங்க?"

"ராட்டைங்க. வேஷத்துக்கு."

சாக்கைத் திறந்தார். டின்னும் செம்புக் கம்பியும் தெரிந்தன. அவர் பின்னால் நகர்ந்து பெரியவரைக் கூப்பிட்டார். "நாலு பேரும் கொஞ்சம் எறங்குங்க," என்றார் பெரியவர்.

அவர்களுடைய பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அந்த ஊரில் மனிதர்கள் செத்திருந்தார்கள். டின்னும் கம்பியும் பார்த்தால் யாரும் குண்டு என்று நினைக்கும் காலம். அதை வீட்டிலேயே யோசித்திருக்க வேண்டாமா என்று பிற்பாடு பலர் என்னிடம் கேட்டார்கள். சைக்கிள் ரிம்மைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அது ராட்டையாக மட்டும்தான் தெரிந்தது.

நடத்துனர் கொஞ்ச நேரம் பார்த்தார். "டைம் ஆகுதுங்க சார்," என்று போலீஸிடம் சொல்லிவிட்டு விசில் கொடுத்தார். பேருந்து நகர்ந்தபோது முன் ஜன்னலில் பாரத மாதா தெரிந்தாள். நஸ்ரீன் கையசைக்கத் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டாள்.

பாளையக்காரரும் துரையும் தொண்டரும் வீராங்கனையும் ஒரு மணி நேரம் சாலையோரம் நின்றோம். போகிற வண்டிகள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. ராட்டையை ஆணி ஆணியாகக் கழற்றினார்கள். டின்னை வெட்டித் திறந்தார்கள். அட்டை வாளை வளைத்துப் பார்த்தார்கள், அது மடிந்தது. கடை எங்கே, வீடு எங்கே, போகிற ஊரில் யாரைத் தெரியும், அடையாளத்துக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அடையாளத்துக்கு எதுவும் எடுத்து வரவில்லை, பழனிசாமி பெயரைச் சொன்னேன். அவர் முழுப்பெயரையும் ஊரையும் கேட்ட பிறகு பெரியவரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

பிறகு நஸ்ரீனிடம் வந்தார். "இந்தக் காக்கி எங்க வாங்குனதுங்க?"

"நான் தெச்சதுங்க," என்றாள் மும்தாஜ். "எங்க வீட்டு மெஷின்ல."

"காக்கியெல்லாம் போடக் கூடாதுங்க. அந்தத் தொப்பிய மட்டுமாச்சும் எடுத்துருங்க."

நஸ்ரீன் தானே தொப்பியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சாவடி மேஜையில் வைத்துக்கொண்டார். ஒருவர்கூட எங்களை அதட்டவில்லை, கை வைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வேலை இதுங்க," என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ராட்டையை மறுபடி பூட்ட வழியில்லை. சாக்கோடு அங்கேயே விட்டுவிட்டோம். பாத்திமாவின் பஞ்சு மீசை வியர்வையில் எப்போதோ விழுந்திருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்றேன். மும்தாஜ் கேட்கவில்லை. "வந்தது வந்தாச்சு. பாவம், நஸ்ரீன் ஒரு மாசமா பேச்சு மனப்பாடம் பண்ணியிருக்கா," என்றாள்.

அடுத்த பேருந்தில் யாரும் சிரிக்கவில்லை, நாங்களும் யாரையும் பார்க்கவில்லை. ஈச்சனாரி, கிணத்துக்கடவு தாண்டினால் ஆகஸ்டில் அந்தச் சாலை மிக அழகு என்பதைப் பயணக் கட்டுரையில் சொல்லியாக வேண்டும். மேற்கே மலை முழுவதும் மேகம். காற்று தென்னைகளை ஒரு பக்கமாகவே சாய்த்துப் பிடித்திருக்கும், திடீரென்று பொடித் தூறல் வந்து போகும். அன்றும் அதெல்லாம் இருந்தது. பொள்ளாச்சியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து அரை மணி நேரத்தில் ஊர் சேர்ந்தபோது பத்தே முக்கால்.

பழனிசாமி மண்டப வாசலிலேயே காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. எங்களை உட்காரவைத்து உப்புமாவும் காப்பியும் கொண்டுவரச் செய்தார். நல்ல மனிதர், இன்றும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். பிறகு என்னைத் தூணுக்குப் பக்கம் அழைத்துப் போனார். "ஏனுங்க, மேடையில பேரு படிக்கறப்ப கோயமுத்தூர் நண்பர் குடும்பம்னு மட்டும் சொல்லச் சொல்லியிருக்கேன். எதுக்குங்க வம்பு. இங்க எல்லாம் நம்ம ஆளுகதான், ஆனாலும்," என்றார். 'நம்ம ஆளுக' யார் என்று நான் கேட்கவில்லை.

அப்படியே அறிவித்தார்கள். மடிந்த வாளோடு நான் நின்றேன். ராட்டை இல்லாத மும்தாஜ் காகிதக் கொடியைப் பிடித்துக்கொண்டாள். மீசையில்லாத துரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. நஸ்ரீன் முன்னால் போய் வெறுந்தலையோடு மைக்கைப் பிடித்தாள். தட்டுத்தடுமாறுவாள் என்று பயந்தேன். ஒரு சொல் பிசகவில்லை. வீட்டில் கேட்டதைவிட உரக்க, எங்கோ ஒரு கோபத்தோடு பேசினாள். அடைத்து வைத்தாலும் இது என் மண், என்னை இதிலிருந்து இறக்கிவிட எவனாலும் முடியாது என்று வரும் இடத்தில் மண்டபம் அமைதியாகிவிட்டது. முடித்ததும் கைதட்டல் ஓயவே இல்லை.

நிகழ்ச்சி நடத்தியவர் அந்த ஊர்ப் பெரியவர், வேட்டியும் துண்டுமாக இருந்தார். கண் கலங்கி மேடைக்கு வந்து அவள் தோளில் கைவைத்தார். "கண்ணு, என்னமா பேசுனே. உன் பேரென்ன கண்ணு?"

நஸ்ரீன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "செல்வி," என்றாள்.

"செல்வி. எல்லாரும் இன்னொருக்கா நல்லா ஒரு கை தட்டுங்க நம்ம செல்விக்கு."

தட்டினார்கள். நஸ்ரீன் சிரித்தாள். அன்று காலைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். மும்தாஜ்தான் நகர்ந்தாள். கொடியை என் கையில் கொடுத்துவிட்டு மைக்குக்குப் போனாள். நாலு பேர் நடுவில் பேசிப் பழகாதவள்.

"என் மக பேரு செல்வி இல்லைங்க. நஸ்ரீன். காத்தால வர்ற வழியில எங்கள பஸ்ஸ விட்டு எறக்கிப் போட்டாங்க, அந்தப் பயத்துல மாத்திச் சொல்லிட்டா. தப்பா நெனச்சுக்காதீங்க."

பெரியவர் தோளிலிருந்து கையை எடுத்தார். கோபமில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். "அதுக்கென்னங்க, அதுக்கென்னங்க," என்றார். பின்னால் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் நின்றது. எங்களுக்கு இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் குடம். நஸ்ரீன் அதைத் தொடவே இல்லை.

பழனிசாமி பஸ் நிறுத்தம் வரை வந்தார். "அம்மணி அதைச் சொல்லியிருக்க வேண்டாமுங்க. யாரும் ஒண்ணும் கேக்கலையே," என்றார். மும்தாஜ் தலையை மட்டும் அசைத்தாள். அவர் மனசார, எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

திரும்பி வரும் பேருந்தில் நஸ்ரீன் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எதுக்கு அத்தா அம்மா அப்படிச் சொன்னாங்க? எல்லாரும் கை தட்டிட்டுத்தானே இருந்தாங்க."

முன்சீட்டிலிருந்து மும்தாஜ் திரும்பாமலே பேசினாள். "பேரைக் கேட்டா உன் பேரைத்தான் சொல்லோணும்."

"காத்தால அத்தா சொன்னாங்களே. சொன்னதுக்குத்தான எறக்கிவிட்டாங்க."

மும்தாஜ் பாத்திமாவை மடியில் சாய்த்துக்கொண்டாள். கிணத்துக்கடவு வருவதற்குள் பாத்திமா தூங்கிவிட்டாள். உக்கடத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த வருஷம் பழனிசாமி மோட்டாரை மட்டும் கொண்டுவந்தார், விழாவுக்குக் கூப்பிடவில்லை. சுற்றிக் கொடுத்தேன். நஸ்ரீனுக்கு இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் தாய்க்கும் மகளுக்கும் இன்றும் சண்டைதான். எனக்குக் கிடைத்த ஒரே ஒரு கைதட்டலை நீ பிடுங்கிவிட்டாய் என்பாள் மகள். அது உனக்குக் கிடைத்ததே இல்லை, வேறு யாருக்கோ கிடைத்தது என்பாள் தாய். இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்பார்கள். நான் எழுந்து கடைக்குப் போய்விடுவேன்.

இனி வாசகர் கேட்ட யோசனைகள். வேடத்தைப் பையில் எடுத்துப் போங்கள், வழியில் போடாதீர்கள். உடை மாற்றும் அறைக்கு எவ்வளவு நெரிசல் இருந்தாலும் பரவாயில்லை. வாள், ராட்டை போன்றவற்றை மரத்தில் செய்யுங்கள், அல்லது போகிற ஊரில் இரவல் வாங்குங்கள். பத்து மணி விழாவுக்கு ஆறு மணிக்கே புறப்படுங்கள். ஆகஸ்டில் தூறல் உண்டு, அட்டைச் சாமான்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள். பொள்ளாச்சியிலிருந்து கிராமங்களுக்கு விடுமுறை நாளில் டவுன் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதற்கும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

இவையெல்லாம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லி முடிக்கத்தான் ஆசை. கடைசி யோசனை மட்டும் எல்லோருக்கும் தேவைப்படாது. யாருக்குத் தேவைப்படும் என்று நான் எழுத வேண்டியதில்லை, தேவைப்படுகிறவர்கள் அதை ஏற்கெனவே பையில் வைத்திருப்பார்கள்.