வீட்டில் தோட்டா வார்த்தல் இலாபமா: ஒரு டயர்க்கடைக்காரனின் சாட்சியம்

1. ஈயவாளி

ஸ்டுட்கார்ட்டின் புறநகர் ஒன்றிலிருந்த அந்த டயர்க்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஓர் ஒக்டோபர் மாதம். ஊர் முழுவதும் குளிர்கால டயருக்கு மாறும் பருவம் அது. பட்டறைத் தலைவரை நாங்கள் மைஸ்டர் என்போம். முதல் நாள் அவர் எனக்கு முதலிற் காட்டியது இயந்திரத்தை அன்று, ஒரு வாளியை.

டயரை ரிம்மில் ஏற்றியபின் பலன்சிங் மெசினில் சுழற்றிப் பார்ப்போம். எந்தப் பக்கம் பாரம் குறைகிறதோ அந்தப் பக்க விளிம்பில் விரற்கடை நீளமான ஒரு கட்டியைத் தட்டி இறுக்குவோம். அக்காலத்தில் அக்கட்டிகள் ஈயத்தால் ஆனவை. பழைய சில்லுகளிலிருந்து கழற்றிய கட்டிகள் வாளிக்குள் போகும். வாளி நிறைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒரு பெட்டி பியரோட ஒருத்தர் வருவார். பியரை வாங்கி வைச்சிட்டு வாளியைக் குடும்" என்றார் மைஸ்டர்.

இவ்விடத்து மக்களான சுவாபியரின் ஜெர்மன் பேச்சை இக்குறிப்பில் யாழ்ப்பாணப் பேச்சாகவே தருகிறேன். சொல்லின் கடைசியை விழுங்குவதில் இரு சாராரும் ஒருவருக்கொருவர் இளைத்தவரல்லர்.

பியர்ப் பெட்டியுடன் வந்தவரைக் கண்டு திடுக்கிட்டேன். அவர் என் வீட்டுக்காரர், ஹெர் ஹேபர்லே. ஓய்வூதியர். ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் மூத்த உறுப்பினர். தோட்டத்தின் கோடியிலிருந்த பழைய சலவைக் கொட்டிலில் அவர் நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. தம் ரைபிளுக்கான குண்டுகளைத் தாமே ஈயத்தில் வார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் நாட்டில் சண்டை நடப்பதைத் தாம் பத்திரிகையில் வாசித்திருப்பதாகவும், ஆகவே வீட்டுக் குண்டு சிறந்ததா கடைக் குண்டு சிறந்ததா என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கடையிலேயே தகுதியுடையவன் நான் ஒருவன்தான் என்றும் மைஸ்டரிடம் கூறினார். குண்டுகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்று செவிகொடுத்துக் கேட்டு மறு திசையில் ஓடியதே அவற்றோடு எனக்கிருந்த முழுப் பழக்கமும் என்றேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

2. மிச்சம் பிடித்தல்

மைஸ்டரும் அதே சங்கத்தில் சுடுபவர். ஆனால் கடைத் தோட்டா வாங்குபவர். எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் கல்லாமேசை ஒரு வழக்கு மன்றமாயிற்று.

ஹேபர்லே மிச்சம் பிடிப்பதற்காக வாங்கியவற்றை அறிந்தபோது நான் வியந்தேன். ஈயம் உருக்க ஓர் உலை. குண்டு வார்க்க ஓர் அச்சு. அந்த அச்சுக்குண்டு சற்றுப் பாரம் என்பதால் இன்னோர் அச்சு. தோட்டாவை அழுத்தி முடிக்க ஓர் இயந்திரம். நகைக்கடையில் வைக்கத்தக்க ஒரு தராசு. வெடிமருந்தை வைத்திருக்க அரசு அனுமதி வேண்டும். அனுமதிக்குப் பரீட்சை, பரீட்சைக்கு வகுப்பு, வகுப்புக்குக் கட்டணம். பின்பு சட்டம் கேட்கும் பூட்டுள்ள பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய பொழுது. எதையும் எண்ணிப் பார்க்கும் சுவாபியர் அதை மட்டும் எண்ணுவதில்லை.

"இந்தாள் காசு மிச்சம் பிடிக்கிற ஒரே நோக்கத்தோட காசைக் கொட்டுது" என்பார் மைஸ்டர்.

"முந்தி நூறு சுட்டனான். இப்ப முந்நூறு சுடுறன். அப்ப மிச்சமும் மூண்டு மடங்குதானே?" என்பார் ஹேபர்லே. மைஸ்டர் இதை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன், ஹேபர்லேயின் வீட்டில் குடியிருப்பவன்.

3. துத்தநாகம்

பிறகு சட்டம் மாறியது. ஈயம் மண்ணுக்கும் நீருக்கும் நஞ்சு என்பதால் புதிதாகப் பொருத்தும் கட்டிகள் துத்தநாகத்தில் வரத் தொடங்கின. நிறமும் உருவமும் ஏறத்தாழ அவையேதாம். பழைய கார்களிலிருந்து ஈயம் கழன்றுகொண்டிருக்க, புதிய கார்களிலிருந்து துத்தநாகமும் கழன்றது. வாளிக்குள் இரண்டும் சமரசமாகக் கிடந்தன.

குறட்டால் கடித்துப் பார்த்தால் ஈயம் பள்ளம் விழும், துத்தநாகம் அசையாது. பிரித்துத் தரட்டுமா என்று ஹேபர்லேயிடம் கேட்டேன். தாம் நாற்பது வருடங்களாக ஈயம் பார்ப்பவர் என்றும், தமக்குக் கண்ணே போதும் என்றும் சொல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

உலையில் துத்தநாகம் கலந்தால் ஈயம் கஞ்சி போலத் திரிந்துவிடும். அச்சின் மூலைகளுக்குள் ஓடாது. வந்த குண்டுகள் அம்மைத் தழும்பு விழுந்தவை போல இருந்தனவாம். வேறொருவர் எறிந்திருப்பார். ஹேபர்லே எதையும் எறிபவர் அல்லர். அவற்றையே சங்கத்தின் இலையுதிர்காலப் போட்டியில் சுட்டார். அவர் இலக்கில் விழுந்தவற்றிலும் பக்கத்து இலக்கில் விழுந்தவையே கூடுதல். பக்கத்து இலக்கு மைஸ்டருடையது. தாம் சுட்ட எண்ணிக்கையிலும் அதிகமான ஓட்டைகளை மைஸ்டர் அன்று பெற்றார்.

ஹேபர்லே சங்க மண்டபத்தின் நடுவில் நின்று மைஸ்டரைக் கலப்படக்காரன் என்றார். இனி ஒரு கட்டி ஈயமும் அந்த மனிதனுக்குக் கொடுப்பதில்லை என்று மைஸ்டர் சூளுரைத்தார். ஹேபர்லே கொட்டிலைப் பூட்டினார். கொட்டில் பூட்டப்பட்டதும் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

4. படிக்கட்டு

சுவாபிய வீடுகளில் 'கேர்வோஹெ' என்றொரு வழக்கம் உண்டு. குடியிருப்போர் முறை வைத்து, தத்தம் கிழமையில் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். அதுவரை எங்கள் முறை வந்தால் நாங்கள் துடைப்போம், யாரும் பார்த்ததில்லை. இப்போது ஹேபர்லே பார்த்தார். கைப்பிடிக் கம்பிகளின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். தராசில் வெடிமருந்து நிறுத்த அதே கூர்மையான கண் எங்கள் வாசற் செருப்புகளில் விழுந்தது; மிளகாய் வறுத்த மணத்தில் விழுந்தது; மதிய ஓய்வு நேரத்தில் நாங்கள் வெற்றுப் போத்தலைத் தொட்டியில் எறிந்த ஓசையில் விழுந்தது.

முதல் 'அப்மானுங்' வந்தது. வீட்டுக்காரர் எழுத்தில் தரும் எச்சரிக்கை அது. காரணம் படிக்கட்டு. இரண்டாவதும் வந்தது. காரணம் செருப்பு. மூன்றாவது வந்தால் அடுத்தது வீட்டை விட்டு எழுப்பும் கடிதந்தான் என்று வாடகையாளர் சங்கத்தில் சொன்னார்கள். என் மனைவி சுகந்திக்கு அப்போது ஏழாம் மாதம். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் பெயரைக் கேட்டபின்னும் தொலைபேசியை வைக்காத வீட்டுக்காரர் ஒருவரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் சென்றிருந்தது.

சுகந்தி இரண்டாவது கடிதத்தை மடித்துக் குளிர்பெட்டியின் மேல் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "அங்க குண்டுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினம். இஞ்ச அந்தாள் குண்டு செய்யாட்டி வீட்டை விட்டு ஓடவேண்டிக் கிடக்கு. உந்த ஈயத்தைக் குடுத்துத் துலையுங்கோவன்."

மைஸ்டர் தரமாட்டார் என்றேன். நான் கேட்டேனா என்று அவள் கேட்டாள். நான் கேட்டிருக்கவில்லை.

5. ஃப்ராவ் ஹேபர்லேயின் முறையீடு

நான் கேட்பதற்கு முன்பே வேறொருவர் வந்துவிட்டார். மறுநாட் காலை வீட்டுக்காரரின் மனைவி ஃப்ராவ் ஹேபர்லே கடைக்குள் நுழைந்தார். காரும் இல்லை, டயரும் இல்லை. கைப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி மைஸ்டரின் முன் நின்றார்.

"அவருக்கு ஈயம் குடுங்கோ" என்றார்.

"உங்கட மனுசன் ஊருக்கு முன்னால என்னைக் கலப்படக்காரன் எண்டவர்."

"எனக்கு ஒவ்வொரு நாளும் அதைவிடப் பெரிசாச் சொல்லுறார். அதுக்காக நான் சூப் வைக்காம விட்டனானே?"

 அந்த அம்மையார் தொடர்ந்தார். தம் குசினி அலுமாரியைக் கணவர் ஒழுங்குபடுத்திவிட்டாராம். வாசனைச் சரக்குப் போத்தல்கள் அகரவரிசையில் நிற்கின்றனவாம்; உப்பை எடுப்பதற்குள் உருளைக்கிழங்கு கரைகிறதாம். உருளைக்கிழங்கைத் தடிப்பாகச் சீவுவதாகத் தோலை நிறுத்துக் காட்டினாராம், அந்தத் தராசிலேயே.

"நாப்பது வருசமா நாங்கள் சந்தோசமா இருந்தனாங்கள்" என்றார் அவர். "ஏனெண்டா அவர் கொட்டிலுக்க, நான் குசினிக்க. குண்டு இலாபமோ நட்டமோ எனக்குத் தெரியாது. அவர் வெளியில நிண்டால் எனக்குக் காணும்."

அப்போதுதான் அவர் என்னைக் கண்டார். எங்கள் இரண்டு கடிதங்களைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. "மூண்டாவது கடிதம் மேசையில கிடக்கு. இன்னும் கையெழுத்து வைக்கேல்லை" என்றார் தணிந்த குரலில்.

மைஸ்டர் என்னைப் பார்த்தார். பின் தரையைப் பார்த்தார். ஈயம் தம்மிடமிருந்து வந்ததென்று அந்த மனிதர் அறியக்கூடாது, அது ஒன்றே நிபந்தனை என்றார். மதிய இடைவேளையில் நான் வாளியைக் கவிழ்த்தேன். மைஸ்டர் தாமே குறட்டைக் கொண்டுவந்து எனக்கெதிரே குந்தினார். ஒவ்வொரு கட்டியையும் கடித்துப் பார்த்துப் பிரித்தோம்.

6. ரூர்ப் பக்கத்து ஈயம்

மாலையில் வாளியுடன் படியேறினேன். ஹேபர்லே உச்சிப் படியில், எங்கள் வாசலருகே நின்றார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த ரூர்ப் பகுதியில், கெல்சென்கிர்ச்சனில், எனக்கு ஓர் உறவினர் இருப்பதாகச் சொன்னேன். அது உண்மை. அவர் தபால் பிரிக்கும் வேலை செய்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஹேபர்லே ஒரு கட்டியை எடுத்தார். நகத்தால் கீறினார். மோந்தும் பார்த்தார்.

"இது ஈயம்" என்றார். "ரூர்ப் பக்கத்துச் சாமான். அந்த ஆக்களுக்கு உலோகம் தெரியும். உம்மட கடையில கிடந்தது குப்பை."

ஆமென்றேன்.

அவர் வாளியை வாங்கிக்கொண்டு இறங்கினார். எங்கள் வாசலில் அன்று நான்கு சோடிச் செருப்புகள் கிடந்தன. சுகந்தியைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றை மிதித்தே போனார். குனிந்து பார்க்கவில்லை. சற்று நேரத்தில் கொட்டிலின் புகைபோக்கியில் புகை எழுந்தது. மூன்றாவது கடிதம் வரவேயில்லை. பிள்ளை அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது.

இப்போது தொழிலுக்கு வரும் இளையோர், வாடிக்கையாளர் யாரேனும் பழைய ஈயம் கேட்டால், வீட்டில் தோட்டா வார்ப்பது இலாபமா என்று என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். உலையின் விலையும் அச்சின் விலையும் கூட்டிக் கழித்து விடை காண முயலாதீர்கள். மைஸ்டர் பல்லாண்டு முயன்று தோற்ற கணக்கு அது. கேட்பவர் வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மனைவி இருந்தால் இலாபம். மேல்மாடியில் வாடகைக்கு ஆள் இருந்தால் பெரும் இலாபம். வாளியை நீங்களே சுமந்துபோய்க் கொடுங்கள்.